விளக்குக்காக விட்டுவைத்த காடு: தஞ்சோங் துவான் முனையும் மலாக்காவின் ஈரநிலங்களும்

மலாக்கா மாநிலத்தின் வரைபடத்தைக் கூர்ந்து பார்ப்பவர், அதன் வடமேற்கு எல்லையில் ஓடும் லிங்கி ஆற்றுக்கு அப்பால், போர்ட்டிக்சன் நகருக்குத் தெற்கே, நெகிரி செம்பிலான் நிலத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு சிறு மேட்டுமுனையும் மலாக்காவுக்கே உரியது என்பதைக் கண்டு வியப்படைவதுண்டு. தஞ்சோங் துவான் என்பது அதன் பெயர். மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்றால் கடல்முனை. ‘துவான்’ என்றால் எசமான், அதாவது தோட்டத் தமிழர் தம் பேச்சில் ‘துரை’ என்று குறித்த அதே ஆள். நூறு ஹெக்டரைக்கூட எட்டாத இந்த முனையில் கடலோரக் காடும், பாறைக்கரையும், சிறு அலையாத்தித் திட்டுகளும், கடலடியில் பவளப் பாறைகளும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அலையாத்தி என்பது, ஓதம் ஏறி இறங்கும் உப்புச் சேற்றில் மூச்சுவேர்களை மேலே நீட்டி வளரும் மரக்கூட்டம். ஓதம் நனைக்கும் அத்தகைய சேற்றுநிலம், ஆற்றுக் கழிமுகம், சதுப்பு, குளம், ஆழமில்லாக் கடற்கரை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே ‘ஈரநிலம்’ என்று இன்றைய இயற்கைப் பாதுகாப்புத் துறை அழைக்கிறது. மலாக்காவின் ஈரநிலங்களின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இம்மாநிலத்தில் காட்டுயிர் எஞ்சியிருக்கும் இடங்களுள் பெரும்பாலானவை காட்டுயிரை எண்ணிக் காக்கப்பட்டவை அல்ல. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு, படைமுகாம், பால்மரம் என்னும் ரப்பர் மரத்துக்கு ஆகாத உப்புச் சேறு என்று வேறு வேறு காரணங்களால் தப்பிப் பிழைத்தவை. பொதுமக்கள் நடந்து சென்று பார்த்து மகிழும் இடங்களாக அவை மாறியது மிகவும் பிற்காலத்து நிகழ்ச்சி.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் இம்முனைக்கு ‘காபோ ரசாடோ’, அதாவது பிளந்த முனை, என்று பெயரிட்டனர். அதுவே ஆங்கிலேயர் நாவில் கேப் ரச்சாடோ ஆயிற்று. 1528, 1529 ஆண்டுகளில் அவர்கள் இங்கே ஒரு கலங்கரை விளக்கம் அமைத்தனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. இன்று காணப்படும் வெண்கோபுரம் 1860களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எழுப்பியது. அப்போது மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சியில் இல்லை. 1867 ஏப்ரல் வரை அவை இந்திய அரசின் கீழேயே இருந்தன. எனவே, இக்கோபுரத்துக்கான செலவும் ஆணையும் கல்கத்தாவின் கோப்புகளைக் கடந்தே வந்திருக்க வேண்டும். முனைக்கு எதிரே மலாக்கா நீரிணை குறுகிவிடுகிறது; சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. 1606 ஆகஸ்டில், மலாக்காவை முற்றுகையிட்டிருந்த டச்சுத் தளபதி கொர்னேலிஸ் மாத்தலீஃபின் கப்பல்களும் கோவாவிலிருந்து துணைக்கு வந்த போர்த்துகீசிய அரசப் பிரதிநிதி மார்ட்டிம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோவின் கப்பல்களும் இக்கடலில்தான் மோதிக்கொண்டன. இரு தரப்பிலும் இரண்டிரண்டு பெருங்கப்பல்கள் அழிந்தன. கப்பலோட்டிகளுக்கு இந்தக் குறுகல் எவ்வளவு முக்கியமோ, அதைவிடப் பல மடங்கு முக்கியம் பறவைகளுக்கு. ஆனால் அதை அந்த நூற்றாண்டுகளில் எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

பறவைகளை ஐரோப்பியர் கவனிக்கவே இல்லை என்பதல்ல, தோலாகக் கவனித்தனர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மலாக்காத் துறைமுகம் பறவைத்தோல் வணிகத்தின் ஒரு சந்தையாக இருந்தது. உள்நாட்டு வேட்டைக்காரர்கள் கண்ணிவைத்தும் பிசின்தடவியும் பிடித்த பறவைகளின் தோலை உரித்து, பஞ்சடைத்துக் கொடுக்க, அவை ‘மலாக்கா’ என்ற ஒரே சீட்டுடன் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் நெடுநாள் அலைந்த பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னெரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் மலாக்காப் பறவைகள் சிலவும் இடம்பெற்றன. தமிழ்நாட்டு மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி இன்றும் அறிவியலில் இவர் பெயரையே தாங்குகிறது. அவருடைய விவரிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 1786இல் ஸ்கொப்போலி என்ற அறிஞர் இலத்தீன் பெயர் சூட்டியபோது, மயிலைப் போல இறகில் கண்கள் கொண்ட ஒரு காட்டுக்கோழி இனத்துக்கும், வீட்டுத் தோட்டத்தில் தென்னம்பூவைச் சுற்றும் ஒரு தேன்சிட்டுக்கும் ‘மலாக்காவுக்குரியது’ எனப் பொருள்படும் பெயர் கிடைத்தது. தேன்சிட்டு இன்றும் மலாக்கா நகரத்துப் பூந்தொட்டிகளுக்கு வந்துபோகிறது. கண்ணிறகு கொண்ட அந்தக் காட்டுக்கோழியோ பகாங் போன்ற இடங்களின் தாழ்நிலப் பெருங்காடுகளுக்குள் ஒடுங்கிவிட்டது. ஊரின் பெயரைத் தாங்கிய பறவை ஊரில் இல்லை. அது இருந்த காட்டுக்கு என்ன ஆயிற்று என்பதே அடுத்த கேள்வி.

1854இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாக்காவுக்கு வந்து காடிங், ஆயர் பானாஸ் ஆகிய ஊர்களில் தங்கிப் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தபோது காடு இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் குனோங் லேடாங் மலைமீதும் ஏறினார். அதற்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளில் சீன முதலாளிகள் மரவள்ளிப் பயிருக்காகக் காட்டைப் பெருமளவில் வெட்டினர். மரவள்ளி சில போகத்திலேயே மண்ணைச் சக்கையாக்கிவிடும். முதலாளி அடுத்த காட்டுக்கு நகர்வார், விட்டுச்சென்ற நிலத்தில் லாலான் என்னும் கூர்ம்புல் மூடும். அப்படி மரவள்ளி பயிரிட்டவர்களுள் ஒருவரான டான் சாய் யான், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் அது 3,000 ஏக்கர் அளவுக்கு விரிந்தது. மலாயாவின் வணிகமுறை ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் மலாக்காவிலேயே என்று சொல்லப்படுவது இதனால்தான். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா, பூலாவ் செபாங் வட்டாரங்களில் தோட்டங்கள் அடுக்கடுக்காக எழுந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுக்கும் வரை, கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்து அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் அவற்றின் லயங்கள் என்னும் வரிசை வீடுகளை நிரப்பின.

இந்தக் குடும்பங்களின் கண்ணில் சதுப்பு எப்படிப் பட்டது என்பதை அறியாமல் ஈரநில வரலாற்றை எழுத முடியாது. சதுப்பு என்றால் அவர்களுக்குக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் அவ்வூரையும் அடுத்திருந்த துறைமுகத்தையும் சூழ்ந்த சேற்றுநிலத்தை வடிகட்டி மலேரியாவைக் குறைத்த செய்தி மலாயாத் தோட்டங்கள் எங்கும் பரவியது. கடலோரச் சதுப்பில் வளரும் கொசு நிழலை விரும்புவது. காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் அது ஒழிந்தது. ஆனால் மேட்டுநிலத் தோட்டங்களில் அதே மருத்துவம் எதிர்ப்பலன் தந்தது. அங்கே காய்ச்சலைப் பரப்பிய வேறோர் இனக் கொசு வெயில்படும் தெளிந்த ஓடைகளையே நாடியதால், காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்ட இடத்தில் நோய் பெருகியது. பின்னர் ஓடைகளைக் குழாய்க்குள் அடைத்தும் எண்ணெய் தெளித்தும் அதை ஒடுக்கினர். முதுகில் தகரக் கலம் சுமந்து, வாரம் தவறாமல் காணோரம் எண்ணெய் அடித்துச் செல்லும் ஆள் தோட்ட வாழ்க்கையின் ஒரு நிலையான உருவம் ஆனான். ‘காண்’ என்று தோட்டத் தமிழர் சொல்லும் வடிகால், ஆக, மலாக்காவின் உள்நாட்டு ஈரநிலத்தின் மிச்சமாகவும் அதன் எமனாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

எண்ணெய் படாத காணிலும் பழைய குட்டையிலும் மீன் இருந்தது. விராலை மலாய்ச் சொல்லால் ‘அருவான்’ என்றும், கெளுத்தி வகையைக் ‘கெலி’ என்றும் தோட்டத்தார் அழைத்தனர்; அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் புண் ஆற அருவான் மீன் கொடுக்கும் மலாய் வழக்கம் தமிழ் வீடுகளிலும் ஊன்றியது. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு இல்லாத ஓய்வுநாளில் தூண்டிலோடு குட்டையோரம் உட்காருவது, நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவது, காணோரத்தில் கங்கோங் கீரையும் பாக்குத் தளிர் என்னும் பெரணிக் குருத்தும் பறிப்பது ஆகியவற்றை இன்றைய சுற்றுலாத் துறை ‘வெளிப்புறப் பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் சேர்க்கக்கூடும். செய்தவர்களுக்கு அது பொழுதுபோக்கும் சாப்பாடும் கலந்த ஒன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது, ஒழுங்கான விடுமுறையும் வயிறு நிறைந்த சமையலறையும் உள்ளவர்களின் வசதி.

எண்ணெய் தரும் செம்பனை தோட்டங்களுக்கு வந்தபோது ஈரநிலத்தோடு தொடர்பில்லாத ஒரு காட்டுயிர் உறவும் தோட்டத்துக்குள் நுழைந்தது. செம்பனைக் குலையின் பழத்தை எலி தின்னும். எலிக்கு நஞ்சு வைத்தால் செலவும் பக்க விளைவும். மலாயாத் தீபகற்பத்தில் முன்னர் அரிதாகவே தென்பட்ட கூகை, 1960களின் இறுதியிலிருந்து செம்பனை நிரைகளுக்குள் கூடுகட்டத் தொடங்கியதும், நிர்வாகங்கள் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்து அதை வரவேற்றன. ஓர் இணை ஆண்டுக்குப் பல நூறு எலிகளைத் தின்னும். வெள்ளை முகமும் சீறும் குரலும் கொண்ட இந்தப் பறவையைச் சாக்குருவி என்று அஞ்சிய தமிழர்களே, தோட்டத்து வேலையாக அதன் பெட்டியை ஏணி வைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. நாளடைவில் பெட்டியடியில் விழுந்து கிடக்கும் எலி மயிர்க் கட்டிகளை எண்ணிக் கூகை குடியிருக்கிறதா என்று கணக்கெடுக்கவும் பழகினர்.

இத்தனை மாற்றங்களுக்கிடையில் தஞ்சோங் துவான் காடு ஏன் வெட்டப்படவில்லை? போர்ட்டிக்சன் வட்டாரத்தின் பெருந்தோட்டங்கள் முனைக்குச் சற்றுத் தொலைவு வரை வந்துவிட்டன. முனையின் உச்சியிலோ அரசின் விளக்கும் அதைக் காக்கும் ஆட்களும் இருந்தனர். சுற்றுச் சரிவு விளக்கின் புறமாகவே கருதப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. 1921இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் காப்புக்காடு என்றால் மரத்துக்கும் மண்ணுக்குமான காப்பே, விலங்குக்கானது அல்ல. 1884இலேயே நீரிணைக் குடியேற்றங்களில் காட்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று பிறந்திருந்தாலும், புலியைக் கொன்றால் பரிசு தரும் அரசாகவும் அதுவே இருந்தது. வேட்டைக்காரராக வந்து பாதுகாவலராக மாறிய தியடோர் ஹப்பக், 1930இல் தொடங்கிய காட்டுயிர் ஆணையத்தின் தலைவராக 1932இல் மூன்று தொகுதி அறிக்கை வெளியிட்ட பிறகே, விலங்குக்கென்று ஓர் இடம் ஒதுக்குவது என்ற கருத்து மலாயா நிர்வாகத்தில் ஊன்றியது. இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா அதன் பயன். தஞ்சோங் துவான் 1971இல் காட்டுயிர்ச் சரணாலயம் ஆயிற்று. அடுத்த ஆண்டே தீபகற்பம் முழுமைக்குமான காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2010ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டது. நாய்களோடு சென்ற பழைய ஓய்வுநாள் வேட்டைக்கு உரிமமும் பருவமும் வரையறுக்கப்பட்டன இத்தகைய சட்டங்களின் வழியே.

பறவைகளைப் பொறுத்தவரை முனையின் முக்கியம் காற்றில் இருக்கிறது. அகன்ற சிறகுடைய பருந்துகள் தொலைதூரம் செல்லும்போது பெரும்பாலும் சிறகடித்துப் பறப்பதில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றுத் தூணில் வட்டமிட்டு உயர்ந்து, உச்சியிலிருந்து அடுத்த தூணுக்குச் சறுக்கிச் செல்லும். கடலின்மேல் இத்தகைய வலுவான தூண் எழுவது அரிது. ஆகவே, நீர்ப்பரப்பைக் கடந்தே தீர வேண்டும் என்றால் அவை மிகக் குறுகிய இடத்தைத் தேடுகின்றன. சுமத்ரா, சாவா முதலிய தீவுகளில் மாதக்கணக்கில் தங்கிய தேன்பருந்துகள் ஜப்பான், வடசீனம், சைபீரியா ஆகிய இனப்பெருக்க நாடுகளுக்குத் திரும்பும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ரூப்பாட் தீவின் கரையில் உயர்ந்து, சறுக்கி, கடைசிக் கிலோமீட்டர்களில் உயரம் இழந்து, அலைக்குச் சற்றே மேலாகச் சிறகடித்துக்கொண்டு தஞ்சோங் துவானை வந்தடைகின்றன. முற்பகலில் விளக்கடியில் நிற்பவருக்கு முதலில் தெரிவது கடலின்மேல் ஒரு கரும்புள்ளி. அது பெரிதாகி, களைப்பில் வாய் திறந்தபடி, பார்ப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே மரமுகட்டைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பாறையில் மோதி மேலெழும் காற்று பட்டதும் சிறகடிப்பு நின்றுவிடுகிறது. பத்து, இருபது சுற்றுகளில் மறுபடி வானத்துப் புள்ளியாகிவிடுகிறது. அருகில் வரும்போது புறாவைப் போன்ற சிறு தலையைக் காணலாம். குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்துப் புழுவைத் தின்னும் இப்பறவைக்குக் கொடுக்கிலிருந்து காப்பாக முகத்தில் செதில் போன்ற நெருக்கமான இறகுகள் உண்டு. ஹிரோயோஷி ஹிகுச்சி தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000களில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, இவை ஜப்பானிலிருந்து சீனக் கரை வழியாகத் தீபகற்பத்தில் இறங்கித் தீவுகளுக்குச் செல்லும் நெடும்பாதை தெளிவாகியது.

தமிழ்க் கணக்கில் இவ்வரவு மாசி மாதத்தில் உச்சம் கொள்கிறது. அதே மாசியில் மகத்தன்று மலாக்கா நகரில் முருகன் தேர், செங் என்னும் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்பட, மாநிலத்தின் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தமிழர் திரளுகின்றனர். வானில் பருந்தைத் தேடும் பழக்கம் இவர்களுக்குப் புதிதும் அன்று: குடமுழுக்கு நீர் கலசத்தில் விழும் வேளையில் கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டமே அண்ணாந்து பார்க்கும். அந்தக் கருடன் செம்பருந்து. வெண்தலையும் செம்மண் நிற உடலும் கொண்டு, மலாக்காக் கடற்கரையிலும் லிங்கிக் கழிமுகத்திலும் ஆண்டு முழுதும் தங்கும் பறவை. தேன்பருந்து வழிப்போக்கன். இரண்டையும் ‘கழுகு’ என்றே சொல்லிக் கடந்துவிடுவது இன்றைய நகரத் தமிழின் வறுமை. பருந்து, கழுகு, வல்லூறு, இராசாளி, எழால் என்று நுட்பமாகப் பிரித்த மொழி அது.

மலேசிய இயற்கைக் கழகம் 1940இல் தொடங்கப்பட்டது. அக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் பருந்து பார்க்கும் விழாவை நடத்தத் தொடங்கியது. தன்னார்வலர்கள் விளக்கடியில் அமர்ந்து நாள்தோறும் எண்ணும் கணக்கில் ஒரு பருவத்தில் பல பத்தாயிரம் பறவைகள் பதிவாகின்றன. பெரும்பகுதி தேன்பருந்து, இடையிடையே கருங்கொண்டையுடைய சிறு பருந்துகளும், சீன, ஜப்பானியச் சிற்றெழால்களும். கழகத்துக்கு இதற்கு முன்பே ஈரநில நிர்வாகத்தில் பட்டறிவு இருந்தது: 1987இல் கோலா சிலாங்கூரில் அலையாத்திக் காட்டையும் அதையொட்டிய நீர்நிலையையும் இயற்கைப் பூங்காவாக அமைத்து, பார்வை மேடைகளும் மரப்பாதையும் போட்டு, பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பறவை பார்க்கும் முறையை அது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மலேசியா 1994இல் ராம்சார் உடன்படிக்கையில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு ஒப்பந்தத்தில், இணைந்து பகாங்கின் தாசேக் பேராவை முதலில் சேர்த்தது; 2003இல் ஜொகூரின் மூன்று இடங்கள் சேர்ந்தன; பின்னர் சரவாக், சபா. 2016 வரை பட்டியலேறியவற்றுள் மலாக்காவின் இடம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டின் வேடந்தாங்கலோடு இதை ஒப்பிடுவது பயனுடையது. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள அந்த ஏரியில் பறவைகளைச் சுடுவதற்கு எதிராக ஊரார் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு உரமானது என்பதே ஊராரின் அக்கறைக்கு வேர். 2022இல் அது ராம்சார் பட்டியலிலும் ஏறியது. ஆகவே, வேடந்தாங்கலில் காப்பு கீழிருந்து, வயலிலிருந்து வந்தது. மலாக்காவில் நிலம் கம்பெனிக்கு, காடு அரசுக்கு, வேலை மட்டுமே தொழிலாளிக்கு. குட்டையின்மேல் உரிமையே இல்லாதவன் குட்டைக்காக மனு எழுதுவது எங்ஙனம்?

லிங்கிக் கழிமுகம் வேறு வகையில் தப்பியது. நெகிரி செம்பிலானின் சுங்கை உஜோங் வட்டாரத்து வெள்ளீயம் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றுவழியே கடலுக்கு இறங்கியது. ஆற்றின் சுங்கத்துக்காகத் தலைவர்கள் சண்டையிட்டனர். இருப்புப்பாதை வந்ததும் ஆறு வெறிச்சோடியது. உப்புச் சேறு பால்மரத்துக்கு ஆகாததால் கரையில் அலையாத்தி நின்றது. அதனுள் உவர்நீர் முதலையும் நின்றது. கொல்லத்தக்க தொல்லையாகக் கருதப்பட்ட அதே முதலையைக் காண இன்று படகில் ஆள் ஏற்றிச் செல்கின்றனர். சேற்றுமேட்டில் வாய் பிளந்து வெயில் காயும் முதலை, படகின் ஓசை கேட்டதும் வயிறு தேயச் சரிந்து நீருக்குள் அமிழ்வதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

ஆற்றுக்குத் தெற்கே மஸ்ஜித் தானாக் கரையில் பாடாங் கெமுந்திங் முதலிய மணல்திட்டுகளில் அழுங்காமை முட்டையிடுகிறது. ஓட்டுத்தகடு சீப்புக்கும் அணிகலனுக்கும் உதவியதால் நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்ட இனம் இது. தீபகற்பத்தில் இது மிகுதியாகக் கரையேறும் மாநிலம் மலாக்காவே. முட்டையிடும் கரைகளுள் ஒன்று தெரண்டாக் படைமுகாமின் வேலிக்குள் இருக்கிறது. 1950களின் இறுதியில் காமன்வெல்த் படையணிக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மலேசியப் படையிடம் வந்த அம்முகாமின் காவல், ஓட்டல்களையும் விளக்குகளையும் அந்த மணலிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறது. மலாக்கா நகரின் முன்கரையோ 1970களிலிருந்து மண் கொட்டி மேடாக்கப்பட்டு வருகிறது. கடல் விளிம்பில் வளர்ந்த ஊர் கடலைவிட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே போய்விட்டது. தென்னிந்திய வணிகர் குடியிருப்பின் பெயரை இன்றும் சுமக்கும் தஞ்சோங் கெலிங் கரைக்கு ஓய்வுநாளில் குளிக்கச் சென்ற தலைமுறைக்கும் அந்தக் கரை பழைய கரையாக இல்லை. 

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, தமிழர் நகரோர வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்தபின், ஓய்வுநாளின் உருவமும் மாறியது. காணோரத் தூண்டில் அருகி, போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வேனில் செல்வது வழக்கமாயிற்று. அடுக்குப் பாத்திரத்தில் புளிச்சோறும் கோழிப் பிரட்டலும், மரத்தடியில் பாய், ஆழமில்லாத நீரில் பிள்ளைகள். அப்படி வருபவர்களுள் சிலர் சாப்பாட்டுக்குப் பிறகு தஞ்சோங் துவானின் தார்ச்சாலையில் ஏறிக் கலங்கரை விளக்கத்தின் வேலிவரை செல்கின்றனர். மாசியானால், கையில் எண்ணும் கருவியோடு கடலையே நோக்கி அமர்ந்திருக்கும் தன்னார்வலர்களை அங்கே காணலாம். பிற்பகல் முதிர்ந்து நிலத்தின் சூடு தணியத் தொடங்கியதும் பருந்துகளின் வரவு குறைகிறது, அன்றைய எண்ணிக்கையைக் கூட்டி எழுதிவிட்டு அவர்களும் இறங்குகின்றனர்.